ஒளி வைத்தியமும் சுதேசியமும்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தோர் மூச்சடக்கி மூழ்கி, மங்கிய வெளிச்சத்தில் சிப்பிகளைத் தடவி எடுத்தனர். மூளைக் கட்டியை அறுக்கும் வைத்தியரின் நிலையும் ஏறக்குறைய அத்தகையதே. பயனற்ற சிப்பியை எறிந்துவிடலாம். அறுத்த மூளையைத் திரும்ப வைக்க முடியுமோ? கட்டியின் ஓரம் நல்ல மூளையோடு கலந்து ஒரே நிறமாய்த் தோன்றும். மிகுதியாக அறுத்தால் பேச்சோ கைகால் அசைவோ போகும். குறைவாக அறுத்தால் கட்டி விரைவில் மீண்டும் தழைக்கும்.

இதற்குச் சாஸ்திரம் கண்ட உபாயம் விந்தையானது. சிகிச்சைக்குச் சுமார் 3 மணி நேரம் முன்பு அமினோலெவுலினிக் அமிலம் என்னும் மருந்தை நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். அது கட்டியின் உயிரணுக்களில் ஒளிரும் பொருளாக மாறித் தங்குகிறது. நீல வெளிச்சம் பாய்ச்சியதும் கட்டி செந்தணல்போல் ஒளிர்கிறது. ஜெர்மானிய வைத்தியர் ஸ்டும்மர் முதலானோர் 2006-இல் வெளியிட்ட பரிசோதனையில், இவ்வொளியின் துணையால் 100-க்கு 65 பேருக்குப் படத்தில் தெரிந்த கட்டி முழுதும் நீங்கியது. வெள்ளை வெளிச்சத்தில் 36 பேருக்கே நீங்கியது. ஆறு மாதம் நோய் வளராதிருந்தோர் முறையே 41, 21 பேர். ஆயினும் கொடிய கட்டி அடியோடு ஒழிந்துவிடும் என்று எவரும் மயங்கலாகாது. ஆயுள் நீண்டது என்பதற்கு அப்பரிசோதனை உறுதியான சான்று தரவில்லை.

நிற்க. இத்துறையில் நமக்குத் திறமை இல்லையென்பாரும் உளரோ? 1949-இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னையில் டாக்டர் ராமமூர்த்தியும் மூளை இரண சிகிச்சையை ஊன்றினர். ராமனின் சீடர்கள் தாம் கண்ட மங்கலான ஒளியை முதலில் இத்தகைய ஒளிர்வென்றே எண்ணினர். அன்று, அது வேறென்று 1928-இல் ராமன் நிறுவினார். அக்கண்டுபிடிப்பைக் கொண்டே கட்டியின் துணுக்கைச் சிகிச்சை அறையிலேயே சோதிக்கும் கருவியை அமெரிக்கர் செய்துவிட்டனர். விதை நம்முடையது, விளைச்சல் அயலாருடையது!

மலிவான வழியும் உண்டு. கண் வைத்தியத்தில் பழகிய ஃப்ளோரசீன் என்னும் மஞ்சள் சாயத்தை 1948-இலேயே அமெரிக்காவில் மூர் என்பவர் மூளைக் கட்டிக்குப் பயன்படுத்தினார். இரத்தக் குழாய் கசியும் இடமெல்லாம் தங்குவதால் அதில் துல்லியம் குறைவு. எனினும் ஏழை நாட்டுக்கு ஏற்றது.

அந்நியக் கப்பலின் ஆதிக்கத்தைக் கண்டு சிதம்பரம் பிள்ளை முறையிட்டு ஓயவில்லை. 1906-இல் இதே தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். மருந்தும் ஆடியும் விளக்கும் நம் நாட்டிலேயே செய்யப்பட வேண்டும். சர்க்கார் அவற்றை வாங்கி ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்கு அளித்தல் வேண்டும். தோணித் தொழிலாளியின் மூளையும் தனவந்தனின் மூளையும் ஒன்றே. அவ்வொளி இருவருக்கும் எட்டும்வரை தேசாபிமானிகள் வாளாவிருத்தல் தகாது.