பாவித்த எண்ணெயில் பறக்கும் விமானம்: வியாபாரிகளுக்கு என்ன வேலை?

அண்மையில் ஹோட்டல் நடத்தும் சகோதரர் ஒருவரிடம், "பொரித்து மிஞ்சும் எண்ணெயை என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். "யாரோ வந்து வாங்கிப் போகிறார்கள், எங்கே போகிறதென்று தெரியாது" என்றார். அந்த எண்ணெய்தான் இன்று உலக விமானக் கம்பனிகள் தேடும் சரக்கு என்றதும் சிரித்தார். சிரிக்கும் விடயமல்ல இது.

2008 பெப்ரவரியில் வேர்ஜின் அட்லாண்டிக் நிறுவனம், தேங்காய் எண்ணெயும் பபாசு எண்ணெயும் கலந்த எரிபொருளை ஓர் இயந்திரத்தில் இட்டு, லண்டனிலிருந்து அம்ஸ்டர்டாமுக்கு விமானமொன்றைப் பறக்கவிட்டது. ஆனால் உணவுக்குரியதை எரிப்பது நியாயமா என்ற கேள்வி எழுந்தது. ஆகவே கவனம் கழிவின் பக்கம் திரும்பியது. பாவித்த எண்ணெயையும் விலங்குக் கொழுப்பையும் சுத்திகரித்து, ஐதரசன் வாயு செலுத்தி விமான எரிபொருளாக்குகிறார்கள். இதனைச் சாதாரண எரிபொருளுடன் 50 வீதம் வரை கலக்கலாம். விமானத்தில் மாற்றம் எதுவும் தேவையில்லை.

அப்படியானால் தடை என்ன? முதலாவது, விலை. சாதாரண எரிபொருளை விட இரண்டு முதல் ஐந்து மடங்கு. இரண்டாவது, தட்டுப்பாடு. 2024இல் உலகம் முழுவதும் உற்பத்தியானது சுமார் 10 இலட்சம் தொன் மட்டுமே. மொத்தப் பாவனையில் 0.3 வீதம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் 2 வீதத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. இது 2030இல் 6 வீதமாகவும் 2050இல் 70 வீதமாகவும் உயரும். பிரித்தானியாவும் 2025இல் 2 வீதத்துடன் தொடங்கி, 2030இல் 10 வீதத்தை எட்டவேண்டும் என்கிறது. சுமை யார் தலையில்? லுப்தான்சா குழுமம் 2025 முதல் பயணச்சீட்டுடன் 1 முதல் 72 யூரோ வரை சுற்றாடல் கட்டணம் சேர்க்கிறது. ஐரோப்பாவோடு வியாபாரம் செய்வோர் தமது செலவுக் கணக்கில் இதற்கும் இடம் வைக்கவேண்டும்.

மூன்றாவது தடைதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது: நேர்மை. பாவித்த எண்ணெய்க்குப் புதிய பாமாயிலை விடக் கூடிய விலை கிடைக்கும்போது, புதியதைப் பழையதென்று விற்கும் ஆசை பிறக்கிறது. ஆசியாவிலிருந்து போகும் எண்ணெய் மீது இந்தச் சந்தேகம் ஐரோப்பாவில் பலமுறை எழுந்துள்ளது. அதனால் சான்றிதழ் முறைகள், எண்ணெய் சேரும் உணவகத்திடமிருந்தே எழுத்துமூல உறுதிமொழி கேட்கின்றன. ஒருவரின் கலப்படம் முழுச் சந்தையையும் மூடிவிடும்.

சிங்கப்பூரில் நெஸ்டே நிறுவனத்தின் பெரிய ஆலை இயங்குகிறது. சந்தை தூரத்தில் இல்லை. ஆகவே சகோதரர்களே, பாவித்த எண்ணெயைத் தனியாகச் சேகரியுங்கள். எவ்வளவு, யாருக்கு, எப்போது விற்றீர்கள் என்று பதிவு வையுங்கள். அதை மறுபடி மனிதர் உண்ணும் பொரியல் சட்டிக்குப் போகவிடாதீர்கள். அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரை அல்குர்ஆன் கடுமையாக எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை கழிவு எண்ணெய்ப் பீப்பாவுக்கும் பொருந்தும்.