வீட்டில் குரல் பதிவு: கையைக் கடிக்காத மைக் எது?

கேட்டல் கருத்தறிதல் பயிற்சிக்கு நாமே ஒரு பகுதியை வாசித்துப் பதிவு செய்து அனுப்புவது இப்போது சாதாரணமாகிவிட்டது. மாணவர்களும் வாய்மொழித் தேர்வுக்கு வாய்விட்டு வாசித்துப் பழகி, பதிவை ஆசிரியருக்கு அனுப்புகிறீர்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கு. பதிவில் ‘பள்ளி’யும் ‘பல்லி’யும் ஒரே மாதிரி கேட்டால், பிள்ளை தவறாகச் சொன்னதா, மைக் சரியாக வாங்கவில்லையா? மதிப்பெண் போவது என்னவோ பிள்ளைக்குத்தான்.

ல, ள, ழ வேறுபாட்டைக் காதுக்குக் காட்டித் தருவது பெரிதும் 2000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும் உள்ள ஒலிப்பகுதி. ‘ஸ’ போன்ற உரசொலிகள் 4000 ஹெர்ட்ஸையும் தாண்டிப் போகும். பழைய தொலைபேசி ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. புளூடூத் இயர்போன் பலவற்றில் மைக்கை இயக்கியதும் ஒலித்தரம் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு இறங்கிவிடும். பாட்டு கேட்க அருமையாக இருக்கிறதே என்று அதிலேயே பதிவு செய்யாதீர்கள்.

சரி, எதை வாங்கலாம்? முதலில் கைப்பேசியுடன் வந்த கம்பி இயர்போன் இருந்தால் அதை முயன்று பாருங்கள், செலவே இல்லை. அடுத்தது சட்டையில் குத்தும் கிளிப் மைக். போயா பிஒய்-எம்1 போன்றவை விலை குறைவு, கம்பியும் 6 மீட்டர் நீளம். வாங்கும்போது செருகியைக் கவனியுங்கள். கைப்பேசிக்கு மூன்று கறுப்பு வளையம் உள்ள செருகி வேண்டும். இரண்டு வளையம் கேமராவுக்கானது. புதிய கைப்பேசிகள் பலவற்றில் அந்தத் துளையே கிடையாது, மாற்றி ஒன்றும் வாங்க வேண்டியிருக்கும்.

மாதத்திற்கு நாலைந்து பதிவு செய்யும் ஆசிரியர் என்றால் கணினியில் நேராகச் செருகும் யூஎஸ்பி மைக் நல்லது. இதில் கண்டென்சர், டைனமிக் என இரு வகை. கடைக்காரர் கண்டென்சரைத்தான் புகழ்வார். அது நுட்பமாகக் கேட்கும், உண்மைதான். கீழ்மாடிக் கூச்சலையும் அதே நுட்பத்தோடு கேட்கும்! சாலையோர வீவக வீட்டுக்கு, வாய்க்கு அருகில் வைத்துப் பேசும் டைனமிக்தான் என் தேர்வு.

ஆனால் மைக்கைவிட அறை முக்கியம். ஓடு பதித்த தரையும் வெறும் சுவரும் எதிரொலியைக் கிளப்பும்; அது மெய்யெழுத்துகளை விழுங்கிவிடும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன் உட்காருங்கள். மெத்தையும் திரைச்சீலையும் உள்ள படுக்கையறை, கூடத்தைவிட எப்போதும் மேல். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். வேர்க்கும்தான், மூன்று நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். அறை இரைச்சல் அப்படியே இருக்கும். ஆனால் நேர் எதிரே வேண்டாம், சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் ‘பறவை’, ‘பாதை’ என்று தொடங்கும்போதெல்லாம் மூச்சுக்காற்று மோதி ‘டப்’பென்று அடிக்கும்.

பதிவுக்கு ஆடாசிட்டி இலவசம். ஒலிஅளவின் உச்சம் -6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரைச்சல் நீக்கும் வசதியை லேசாகப் பயன்படுத்துங்கள். அதிகமானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும்.

வாங்கிய அன்றே ஒரு சோதனை செய்யுங்கள். பல்லி, பள்ளி, வாளை, வாழை, மனம், மணம் ஆகியவற்றை வரிசை மாற்றிப் பதிவு செய்து, சொற்களைப் பார்க்காத ஒருவரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். ‘மரம்’, ‘மறம்’ வேண்டாம். அந்த வேறுபாடு நம்மில் பலர் நாவிலேயே இல்லை, மைக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுதியதில் பிழை வந்தால் உடனே கடைக்கு ஓடாமல், அறையை மாற்றி இன்னொரு முறை பதிவு செய்து பாருங்கள்.