மிதிவண்டிப் பந்தயமும் எதிர்காற்றும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

நம் கல்லூரியில் மிதிவண்டி ஓட்டத் தெரியாதவர் மிகச் சிலரே. மேல்நிலை வகுப்பில் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குச் சென்று வந்தவர்கள் நம்மில் பலர். ஆயினும் மிதிவண்டிப் பந்தயம் என்றவுடன், "காலில் வலு உள்ளவன் வெல்வான், இதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது?" என்றே பெரும்பாலோர் கேட்கின்றனர். சமதரைச் சாலையில் ஓட்டுபவன் பெரிதும் போராடுவது காற்றோடுதான். அந்தக் காற்றை ஒருவன் தனியே எதிர்ப்பதைக் காட்டிலும் நால்வர் முறை வைத்து எதிர்ப்பது எளிது. இதனை நான் பாதி வகுப்பறையிலும் பாதி தேசூர்ச் சாலையிலும் கற்றேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். நிமிர்ந்து அமர்ந்து ஓட்டுபவரின் முன்பரப்பு அரைச் சதுர மீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அவர் செல்லும்போது, ஒவ்வொரு விநாடியும் அவர் பாதையில் நிற்கும் காற்று 5 கிலோகிராம். ஒரு நிமிடத்திற்கு 300 கிலோகிராம். அதாவது, 75 கிலோ நெல் மூட்டைகள் நான்கின் எடையுள்ள காற்றை ஒவ்வொரு நிமிடமும் விலக்கிக்கொண்டே அவர் செல்ல வேண்டும்!

காற்றின் தடைவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. அதை வெல்லத் தேவையான திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. காற்று அசையாத வேளையில் 20 கிலோமீட்டர் வேகத்தை 30 ஆக உயர்த்த வேண்டுமானால், காற்றுக்காகச் செலவாகும் திறன் ஏறக்குறைய 3.4 மடங்காகிறது. வேகம் ஒன்றரை மடங்குதான். உழைப்போ மூன்று மடங்கிற்கும் மேல். எதிர்காற்று வீசினால் அதன் வேகத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆடி மாதத்தில் மேற்கு நோக்கி மிதித்துப் பார்த்தவர்களுக்கு இதற்குச் சூத்திரம் தேவையில்லை.

இனி, ஒருவர் பின் ஒருவர் செல்வதன் பயனைக் காண்போம். முன்னே செல்பவர் காற்றைப் பிளந்து செல்வதால் அவர் முதுகுப்புறத்தில் அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உண்டாகிறது. பின்னால் வருபவர் அரை மீட்டர் அளவு நெருங்கி அந்தப் பகுதிக்குள் தம் வண்டியை வைத்துக்கொண்டால், அவருடைய உழைப்பில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். வியப்பு என்னவென்றால், பின்னால் ஆள் இருப்பதால் முன்னே செல்பவருக்கும் சிறிதளவு தடை குறைகிறது. காற்று பக்கவாட்டில் வீசினால் நேர்வரிசையில் நிழல் கிடைக்காது; காற்று வரும் பக்கத்திற்கு எதிர்ப்பக்கமாகச் சற்றே விலகி, சாய்வு வரிசையில் செல்ல வேண்டும். ஒன்றை மட்டும் மறக்கலாகாது. முன்வண்டியின் பின்சக்கரத்தோடு நம் முன்சக்கரம் உரசினால் விழுவது பெரும்பாலும் பின்னால் வருபவரே.

தமிழகத்தில் ஆண்டுதோறும் அறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் பள்ளி மாணவ மாணவியருக்கு மிதிவண்டிப் போட்டி நடத்தப்படுகிறது. 13, 15, 17 வயதிற்குட்பட்டோர் என மூன்று பிரிவுகள். 17 வயதுப் பிரிவில் மாணவர்க்கு 20 கிலோமீட்டர், மாணவியர்க்கு 15 கிலோமீட்டர். கியர் வண்டிக்கு இடமில்லை; சாதாரண மிதிவண்டியே போதும். எங்கள் தெரு நண்பர்கள் நால்வரும் பள்ளி நாளில் அதில் ஓட்டினோம். அவரவர் தமக்காக ஓட்டி, அவரவர் காற்றை அவரவரே வாங்கினோம். ஒருவருக்கும் இடம் கிடைக்கவில்லை.

பின்னர் ஒரு பொங்கலின்போது எங்கள் வட்டாரத்தில் நடந்த பந்தயத்தில் அணியாகச் சேர்ந்தோம். நால்வரில் இருவர் கல்லூரியில், இருவர் தறியில். வந்தவாசிச் சாலையில் விடியற்காலையில் பழகினோம். கடிகாரம் பார்க்க முடியாது என்பதால் மின்கம்பங்களை எண்ணினோம். பத்துக் கம்பத்திற்கு ஒருவர் முன்னே செல்வார். முறை முடிந்ததும் வலப்புறம் பார்த்து விலகிக் கடைசி இடத்திற்கு வருவார். தறி நெய்யும் நண்பன் ஒருவன் கடைசி இருநூறு மீட்டரில் எங்கள் எல்லோரையும் விட விரைவானவன். ஆகவே முடிவுக் கோட்டிற்கு அவனைச் சோர்வின்றிக் கொண்டு சேர்ப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம். கடைசிக் கிலோமீட்டரில் என் முறை முடிந்தபோது, "டேய், நீ போடா!" என்று கத்த மட்டுமே எனக்கு மூச்சு இருந்தது. அவன் இரண்டாவதாக வந்தான். பரிசுப் பணத்தைத் தேநீர்க் கடையில் வைத்து நான்காகப் பிரித்தான். வென்றவர் பரிசைத் தோழர்களோடு பகிர்வது பெரிய பந்தயங்களிலும் மரபாம்.

அப்பெரிய பந்தயங்களில் தலையாயது, 1903இல் தொடங்கிய 'டூர் டி பிரான்ஸ்'. 1934ஆம் ஆண்டுப் பந்தயத்தில் பிரெஞ்சு அணியில் ரெனே வியெத்தோ என்ற இருபது வயது இளைஞர் இருந்தார். முன்பு ஓட்டலில் லிஃப்ட் இயக்கியவர். பிரனீஸ் மலையில் அணித் தலைவர் அந்தொனேன் மாஞின் சக்கரம் பழுதாகவே, வியெத்தோ தம் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சாலையோரக் கற்சுவரில் அமர்ந்து அழுதார். மறுநாள் மாஞ் மீண்டும் இடர்ப்பட்டபோது, வந்த வழியே திரும்பிச் சென்று தம் வண்டியையே கொடுத்தார். மாஞ் வென்றார், வியெத்தோ ஐந்தாமவர். 1939இல் அவருக்கு இரண்டாம் இடம் கிட்டியது. முதலிடம் அவருக்குக் கடைசிவரை கிட்டவேயில்லை.

இவ்வரலாற்றைப் படித்தபோது தியாகத்தைப் போற்றத் தோன்றியது. ஆயினும் மனம் அதோடு அமைதி கொள்ளவில்லை. ஒருவரே எப்போதும் காற்றை வாங்குவதும் மற்றவர் எப்போதும் நிழலில் வருவதும் நல்ல வரிசை ஆகுமா? முறை மாறுவதுதானே வரிசைக்கு அழகு!

நண்பர்களே, எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆரணிப் பட்டுக்காகக் குழித்தறியில் அமர்ந்து மிதிகட்டை மிதிக்கும் அப்பா ஒருபுறம். பத்தாம் வகுப்போடு நின்று, தார் சுற்றிக் கொடுக்கும் அக்கா மறுபுறம். இவர்கள் முன்னே சென்று காற்றை வாங்கியதால்தான் நான் இவ்வளவு தூரம் மூச்சிரைக்காமல் வந்தேன். நம்மில் பலரின் வீட்டுக் கதையும் இதுவே. அக்கா மேல்நிலைத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டோம். மாலையில் தார் சுற்றும் வேலை இப்போது என்னுடையது. அவர் படிக்கிறார்.

இந்தப் பத்துக் கம்பம் என் முறை.