அணிக்கு ஓர் உச்சவரம்பு

உச்சவரம்பு என்னும் சொல் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. 1961-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஐவர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என எல்லை வகுத்தது. 1970-இல் அவ்வெல்லை 15 ஆகக் குறுகிற்று. இன்று அதே சொல் கிரிக்கெட் ஏலத்திலும் வழங்குகிறது. அந்தமானுக்கு ரஞ்சிக் கோப்பையில் ஆடும் அணி கிடையாது. ஆகவே இத்தீவுகளில் வாழும் தமிழருள் பலருக்குச் சென்னை அணியே சொந்த அணி. 'வேண்டிய வீரரை ஏன் வாங்கவில்லை?' என்று அவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்விக்கு விடை இந்த வரம்பில்தான் இருக்கிறது.

விளையாட்டில் வரம்பு இருவகைப்படும். ஒன்று, தனி ஆளுக்கு விதிப்பது. இங்கிலாந்தில் 1901 முதல் கால்பந்து வீரருக்கு வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் கொடுக்கலாகாது என்றிருந்தது. அது மெல்ல ஏறி 20 பவுனில் நின்றபோது, ஜிம்மி ஹில் தலைமையில் வீரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று எச்சரித்தது. 1961 ஜனவரியில் விதி ஒழிந்தது. மற்றொன்று, அணியின் மொத்தச் செலவுக்கு விதிப்பது. அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம் 1984-85 பருவத்தில் அணிக்கு 36 லட்சம் டாலர் என இதைத் தொடங்கிற்று. செல்வம் மிக்க அணியே ஆண்டுதோறும் வெல்லுமாயின் ஆட்டத்தில் சுவை இராது என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம்.

ஐ.பி.எல். பின்பற்றுவது இரண்டாம் வகை. 2008-இல் அணிக்கு 50 லட்சம் டாலர் வரம்பு. அதில் 15 லட்சத்தைச் சென்னை தோனி ஒருவருக்கே கொடுத்தது. பத்தில் மூன்று பங்கு! 2025 பருவத்துக்கு வரம்பு 120 கோடி ரூபாய். சென்னை ஐவரை 65 கோடிக்குத் தக்கவைத்துக்கொண்டு, மிச்சம் 55 கோடியுடன் 2024 நவம்பரில் ஜெட்டா ஏலத்துக்குச் சென்றது. அசுவினுக்கு 9.75 கோடி, நூர் அகமதுக்கு 10 கோடி. எஞ்சிய 35.25 கோடியில் இன்னும் 18 பேர் வரை சேர்க்கவேண்டும். சேலத்து நடராஜன் 10.75 கோடிக்கு டில்லி சென்றார். வருண் சக்கரவர்த்தியைக் கல்கத்தா 12 கோடிக்கு நிறுத்திக்கொண்டது. நம்மைப் போலவே அவர்களும் பிற மாநிலங்களில் பிழைக்கிறார்கள்!

அவ்வாண்டு தோனிக்குக் கொடுத்தது 4 கோடியே. ஐந்தாண்டுகள் நாட்டுக்காக ஆடாத இந்திய வீரரை, ஒருநாளும் நாட்டுக்காக ஆடாதவராகக் கொள்ளலாம் என்று ஒரு விதி மீண்டும் வந்திருந்தது. 2011-இல் உலகக் கோப்பையை வென்ற அணியின் தலைவர் இவ்வாறு அறிமுகமாகாதவர் பட்டியலில் ஏறினார். சட்ட மொழியை நாள்தோறும் மொழிபெயர்க்கும் எனக்கே இந்த விளக்கம் புன்னகை வரவழைத்தது. ஆனால் கணக்கு தெளிவு: பெரிய பெயர் மலிவாகக் கிடைத்தால், அந்த மிச்சத்தில் மற்றொருவரை வாங்கலாம்.

உச்சியில் உள்ளவர்க்கு வரம்பு பெரிதாக உறைப்பதில்லை. ரிஷப் பந்துக்கு லக்னோ கொடுத்த 27 கோடி, ஓர் அணியின் மொத்த வரம்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அந்தப் பளுவைச் சுமப்பவர் நடுத்தர வீரரே. பை வற்றிய பின் அவர் பெயர் ஏலத்துக்கு வந்தால், திறமை குறையாமலே விலை குறைகிறது.

மற்றொரு கணக்கும் உண்டு. 2023 முதல் 2027 வரை ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்கு விற்றது. சராசரியாக ஆண்டுக்கு 9,678 கோடி. ஆட்டப்படி முதலியவற்றையும் சேர்த்து 2025-இல் ஓர் அணியின் முழு வரம்பு 146 கோடி. பத்து அணிக்கும் 1,460 கோடி. ஒளிபரப்பு வருவாயோடு மட்டும் ஒப்பிட்டாலும் இது ஏழில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்கள் ஆட்ட வருவாயில் ஏறத்தாழப் பாதியைப் பெறுகிறார்கள். அவர்களுடைய சங்கம் உரிமையாளர்களோடு எதிரே அமர்ந்து பேசி அந்த வரம்பை முடிவு செய்கிறது. நம் நாட்டில் 2019-இல் கிரிக்கெட் வாரியத்தின் ஏற்பைப் பெற்ற வீரர் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கு உரியது. இன்று களத்தில் ஆடுபவருக்கு அதில் இடமில்லை.