கலவை நஞ்சும் ஆண் முதலைகளும்

காய்கறித் தோட்டங்களில் மருந்து அடிப்பவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. ஒரு மருந்துக்குப் பூச்சி சாகவில்லை என்றால், இரண்டு மூன்றை ஒரே தொட்டியில் கலந்து அடித்துவிடுவார்கள். அந்தக் கலவையின் வேலை பூச்சியோடு முடிந்துவிடுகிறதா? அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்து அப்போப்கா ஏரியில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஏரியை ஒட்டி விளைநிலங்கள் இருந்தன. அங்கு அடித்த மருந்துகள் பல ஆண்டுகளாக ஏரியில் வந்து சேர்ந்தன. போதாததற்கு 1980-இல், பக்கத்து இரசாயன ஆலை ஒன்றிலிருந்து டைக்கோஃபால் என்னும் சிலந்திப்பேன் மருந்தும் ஏரியில் கலந்தது. அந்த மருந்தில் டி.டி.டி.யும் இருந்தது. டி.டி.டி.யைப் பயிருக்கு அடிப்பதை அந்நாடு 1972-இலேயே தடை செய்துவிட்டது. ஆனாலும் வேறொரு மருந்தின் பெயருக்குள் ஒளிந்து அது வந்துவிட்டது பாருங்கள்!

அடுத்த சில ஆண்டுகளில் ஏரியிலிருந்த முதலைக் குட்டிகள் வெகுவாகக் குறைந்தன. முட்டைகள் பல பொரிக்கவே இல்லை. உயிரியல் அறிஞர் லூயி கில்லெட்டும் அவருடைய குழுவினரும் எஞ்சிய குட்டிகளைப் பிடித்து ஆராய்ந்து, 1994-இல் முடிவை வெளியிட்டனர். டெஸ்டோஸ்டிரோன் என்பது ஆண் தன்மைக்குரிய ஹார்மோன். வேறோர் ஏரியின் ஆண் குட்டிகளுக்கு இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட அப்போப்கா குட்டிகளின் இரத்தத்தில் இல்லை. விந்தகங்களின் அமைப்பு கெட்டிருந்தது. ஆண்குறியும் சிறுத்திருந்தது.

இது எப்படி நேர்கிறது? ஹார்மோனைச் சாவி என்று வைத்துக்கொண்டால், உடலின் உயிரணுக்களில் அதற்கான பூட்டு இருக்கிறது. டி.டி.டி. சிதைந்து டி.டி.ஈ. என்னும் பொருளாகிறது. அது ஆண் ஹார்மோனுக்குரிய பூட்டில் போய் அடைத்துக்கொள்கிறது. சாவி இருந்தும் கதவு திறக்காது. இதை 1995-இல் எலிகளை வைத்துக் கண்டறிந்தார்கள். முட்டைக்குள்ளோ கருப்பையிலோ ஆண் உறுப்புகள் உருவாகும் நாட்களில் கதவு அடைபட்டால், பிறகு அதைச் சரிசெய்ய முடிவதில்லை.

கலவையின் தொல்லை இங்கேதான். வின்குளோசோலின், புரோசிமிடோன் என்னும் இரு பூஞ்சை மருந்துகளும் இதே பூட்டையே அடைப்பவை. சினை எலிகளுக்குத் தனியாகக் கொடுத்தபோது பெரிதாக ஒன்றும் செய்யாத அளவுகளை, சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறந்த ஆண் குட்டிகள் பலவற்றில் சிறுநீர்த் துளையே இடம் மாறியிருந்தது.

புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவு, பெரும்பாலும் அந்த ஒரு மருந்தைச் சோதித்து வகுத்ததே. தோட்டக்காரர் தம் தொட்டியில் எதையெதைச் சேர்ப்பார் என்பது சோதித்தவருக்குத் தெரியாது.