அரசு வாங்கும் மென்பொருள்: அவதிப்படுவது வரி செலுத்துவோர்

- நமது தில்லி நிருபர் -

புது தில்லி: இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி சலீல் பாரேக், 2021 ஆகஸ்ட் 23-ஆம் தேதி மத்திய நிதி அமைச்சகத்துக்கு நேரில் அழைக்கப்பட்டார். வருமான வரித் துறையின் புதிய இணையதளம் தொடங்கி இரண்டரை மாதங்களாகியும் கோளாறுகள் தீராதது ஏன் என்று நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் விளக்கம் கேட்டார். செப்டம்பர் 15-க்குள் அனைத்தையும் சரிசெய்ய வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டது. அதற்கு முந்தைய இரு நாள்களும் அந்த இணையதளம் முற்றிலும் முடங்கிக் கிடந்தது.

ஒரு நிறுவனத்தின் தவறாக மட்டும் இதைக் கருதி ஒதுக்கிவிட முடியாது. மென்பொருளையும் அதை எழுதும் பொறியாளர்களையும் அரசு எவ்வாறு தேர்ந்தெடுக்கிறது என்ற பெரிய கேள்வி இதற்குப் பின்னால் இருக்கிறது.

குறைந்த விலைக்கே ஒப்பந்தம்: வருமான வரிக் கணக்குகளைப் பரிசீலிக்கும் காலத்தை 63 நாள்களிலிருந்து ஒரே நாளாகக் குறைப்பது என்ற இலக்குடன், 2019 ஜனவரியில் மத்திய அமைச்சரவை இத்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. எட்டரை ஆண்டுகளுக்கான மொத்த மதிப்பு ரூ.4,242 கோடி. திறந்த ஒப்பந்தப்புள்ளியில் மிகக் குறைந்த தொகை கோரியதன் அடிப்படையில் இப்பணி வழங்கப்பட்டதாகவும், 2021 ஜூன் வரை ரூ.164.5 கோடி அளிக்கப்பட்டிருப்பதாகவும் அரசு மக்களவையில் தெரிவித்தது.

2021 ஜூன் 1 முதல் 6 வரை பழைய இணையதளம் மூடப்பட்டு, 7-ஆம் தேதி புதியது திறக்கப்பட்டது. இரண்டையும் சில மாதங்கள் இணையாக இயக்கிப் பார்க்கவில்லை. உள்ளே நுழைய முடியவில்லை, கடவுச்சொல் வரவில்லை, பழைய கணக்குகளைக் காணவில்லை என்று புகார்கள் குவிந்தன. 700-க்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களில் 2,000-க்கும் அதிகமான குறைகள் சுட்டிக்காட்டப்பட்டன. தொகுத்துப் பார்த்தபோது அவை 90 விதமான கோளாறுகள் என்று தெரியவந்தது. கால அவகாசம் நீட்டிக்கப்பட்ட பிறகும், தாமதக் கட்டணத்தையும் வட்டியையும் மென்பொருள் தவறாகக் கணக்கிட்டது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவோர், அதற்குரிய படிவங்களைக் காகிதத்தில் வங்கிகளிடம் அளிக்கலாம் என்று வரித் துறையே அனுமதிக்க நேர்ந்தது.

ஐந்தாண்டு காத்திருப்பு: சரக்கு - சேவை வரி (ஜிஎஸ்டி) இணையதளத்தின் கதை இதைவிடக் கடுமையானது. 2015-இல் ரூ.1,380 கோடிக்கு அதே நிறுவனத்திடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. 2017 ஜூலை 1-ஆம் தேதி வரி அமலுக்கு வந்த சில வாரங்களிலேயே குறைபாடுகள் வெளிப்பட்டன. அவற்றை ஆராய, அப்போதைய பிகார் துணை முதல்வர் சுஷீல் மோடி தலைமையில் செப்டம்பரில் அமைச்சர்கள் குழு அமைக்கப்பட்டது.

கையிருப்புச் சரக்குக்கு முன்பே செலுத்திய வரியைப் புதிய முறையில் வரவு வைத்துக்கொள்ள, வியாபாரிகள் ஒரு படிவத்தை இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பலரால் அதைக் குறித்த நாளுக்குள் செய்ய முடியவில்லை. கோளாறு இணையதளத்தில், ஆனால், தாம் முயன்றதற்கான சான்றை அளிக்க வேண்டியவர் வியாபாரி. உயர் நீதிமன்றங்களில் வழக்குகள் பெருகின. இறுதியில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி, 2022 அக்டோபர், நவம்பர் மாதங்களில் அந்த வாய்ப்பு மீண்டும் திறக்கப்பட்டது. சிறு வியாபாரி ஒருவரின் முதலீடு ஐந்தாண்டுகள் முடங்குவது, பல வேளைகளில் கடையையே மூடுவதற்குச் சமம்.

அரசிடம் பொறியாளர்கள் உண்டா?: பாலம் கட்டி முடித்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். மென்பொருளுக்கோ திறப்பு விழாவுக்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. சட்டம் திருத்தப்படும்போதெல்லாம் அதுவும் மாற வேண்டும். எனவே, அதை நன்கு அறிந்த பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் உடனிருப்பது அவசியம். ஒப்பந்ததாரர் எழுதியது சரியா, தவறா என்று சொல்லக்கூடிய வல்லுநர்கள் அரசுத் தரப்பிலும் இருக்க வேண்டும்.

1976-இல் தொடங்கப்பட்ட தேசிய தகவலியல் மையம் தேர்வு நடத்தி ஆளெடுக்கிறது. எனினும், அரசுத் துறைகளின் மென்பொருள் பணிகளில் பெரும்பகுதியைத் தனியார் முகமைகள் வழியாக வரும் ஒப்பந்த ஊழியர்களே செய்கின்றனர். கூடுதல் சம்பளம் கிடைத்தால் அவர்கள் விலகிச் செல்வது இயல்பு. வேலையின் நுணுக்கமும் அவர்களுடனேயே போய்விடுகிறது.

மாற்று உதாரணமும் உண்டு. ரயில்வே தனது கணினிப் பணிகளுக்கென 1986-இல் 'கிரிஸ்' என்ற தனி அமைப்பை உருவாக்கியது. அதன் பொறியாளர்கள் வடிவமைத்த புதிய மின்னணுப் பயணச்சீட்டு முறை 2014-இல் நடைமுறைக்கு வந்தபோது, நிமிஷத்துக்கு 2,000 ஆக இருந்த முன்பதிவுத் திறன் 7,200 ஆக உயர்ந்தது. தட்கல் நேரத்துப் புலம்பல் ஓயவில்லை என்றாலும், குறையைத் திருத்தும் பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பமில்லை.

செய்ய வேண்டியது: குறைந்த விலை என்ற ஒற்றை அளவுகோலைத் தளர்த்தி, 2021 அக்டோபரில் நிதி அமைச்சகம் புதிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதன்படி, ஆலோசனை சாராத சேவைகளிலும் தரத்துக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் அளிக்கலாம். வருமான வரி இணையதளமும் படிப்படியாகச் சீரடைந்து, 2022 ஜூலை 31 அன்று ஒரே நாளில் 72.42 லட்சம் கணக்குகளை ஏற்றது. முடியாத வேலை அல்ல என்பதற்கு இதுவே சான்று. ஆனால், முதல் ஆண்டின் அவதிக்கு விலை கொடுத்தவர்கள் பொதுமக்களே.

வரி செலுத்த இணையதளத்தைத் தவிர வேறு வழி இல்லை என்று சட்டம் இயற்றும் அரசு, அந்த வழி அடைபடும் நாள்களுக்கான பொறுப்பையும் ஏற்க வேண்டும். இணையதளம் முடங்கிய ஒவ்வொரு நாளுக்கும் அவகாசம் தானாகவே நீள வேண்டும். புதியது நிலைபெறும் வரை பழையது இயங்க வேண்டும். குடிமகன் ஒரு நாள் தாமதித்தால் அபராதம் உண்டு. அரசு தாமதித்தால் என்ன என்ற கேள்விக்கு நாடாளுமன்றம்தான் விடை தர வேண்டும்.