முற்றத்தில் புத்துயிர், சாலையில் தடை
வீட்டாரே செப்பனிடும் பழைய பிக்-அப் வண்டிகளும் தலைநகரின் வயது வரம்பும்

புதுதில்லி: தலைநகரின் விளிம்பில் உள்ள நஜஃப்கர், நரேலா, பவானா பகுதிகளின் கிராமத்து வீடுகளில் எருமைத் தொழுவத்தை ஒட்டிய கொட்டகையில் பழைய பிக்-அப் வண்டி ஒன்று நிற்பது அரிய காட்சியன்று. ஒருகாலத்தில் விடியற்காலையில் காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஆசாத்பூர் மண்டிக்குப் புறப்பட்ட வண்டி அது. அந்த வருவாயில் பிள்ளைகள் படித்திருப்பார்கள். வீட்டின் மேல்தளம் எழுந்திருக்கும். குளிர் தணிந்து வெயில் இதமாகும் நாட்களில் அதன் மீது கிடந்த தார்ப்பாய் நீக்கப்படுகிறது. வீட்டாரே ஸ்பானரைக் கையில் எடுத்து அதை மீண்டும் ஓடவைக்க முனைகிறார்கள்.

முயற்சி பெரும்பாலும் வெற்றி பெறுகிறது. எஞ்சின் முழங்குகிறது, விளக்கு எரிகிறது. ஆனால் வாசலைத் தாண்டியதும், அந்த வண்டி எந்தச் சாலையில் செல்லலாம் என்ற கேள்வி எழுகிறது. பத்து ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றங்களும் அரசுகளும் விடை தேடிவரும் கேள்வி இது.

கொட்டகையில் தொடங்கும் வேலை

1988-ல் வெளிவந்த டாடா மொபைல் 206, அதன் வழிவந்த 207, மகிந்திரா நிறுவனத்தின் ஜீப் அடிப்படையிலான சரக்கு வண்டிகள் ஆகியவை இவ்வாறு செப்பனிடப்படுபவற்றுள் அடங்கும். இவற்றின் அமைப்பு எளிமையானது. ஏணி போன்ற இரும்புச் சட்டம், அதன்மேல் தனியே பொருத்திய கேபின், பின்னால் சரக்குத் தட்டு, அடியில் பட்டை ஸ்பிரிங்குகள். கணினி இல்லை, மின்னணு உணரிகள் இல்லை. பொறுமையும் சில கருவிகளும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே பிரித்துவிடலாம்.

வேலை குடும்பத்துக்குள் தானாகவே பங்கிடப்படுகிறது. வண்டியை ஓட்டிய தாத்தாவுக்கு அதன் ஒவ்வொரு ஓசையும் தெரியும். மூன்றாவது கியர் எப்போது நழுவும், எந்தச் சக்கரத்தில் பிரேக் இழுக்கும் என்பதைக் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்தபடியே அவர் சொல்லிவிடுவார். தந்தையும் மகனும் அடியில் படுத்துப் போல்ட்டுகளைக் கழற்றுவார்கள். கழற்றிய ஒவ்வொன்றையும் பழைய டப்பாக்களில் இட்டு, எங்கிருந்து எடுத்தது என்று சீட்டு ஒட்டுவது மகளின் பொறுப்பு. மின்கம்பிகளைப் பிரிக்கும் முன் கைபேசியில் படம் எடுத்துவைப்பதும் அவரே. கணக்குப் புத்தகமும் பதிவுச் சான்றும் காப்பீட்டுத் தாள்களும் தாயின் பெட்டியில் இருக்கும். இருக்கை உறையைத் தைப்பதும் பெரும்பாலும் வீட்டுத் தையல் இயந்திரமே.

முதலில் பார்க்க வேண்டியது வண்ணத்தையன்று, சட்டத்தை. சேறு படிந்த மூலைகளில் துரு உள்ளிருந்தே அரித்திருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து, சுத்தியலால் தட்டிப் பார்த்தால் ஓசையிலேயே உறுதி தெரிந்துவிடும். ஸ்பிரிங் மாட்டும் இடங்களில் இரும்பு மெலிந்திருந்தால், வண்ணம் பூசி மறைப்பது ஓட்டுபவருக்கும் எதிரே வருபவருக்கும் ஆபத்து.

வேலையிலும் ஆபத்துகள் உண்டு. செங்கல் அடுக்கின்மீது வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவதாகும். இரும்புத் தாங்கிகள் இன்றியமையாதவை. பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், டிரம்மில் படிந்த தூசியை வாயால் ஊதக்கூடாது. நனைத்துத் துடைக்க வேண்டும். வெல்டிங் வைக்கும் முன் டீசல் தொட்டியை இறக்கிவிட வேண்டும். வடிக்கும் எஞ்சின் எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், கழிவு எண்ணெய் சேகரிப்போரிடம் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்குள் முடியாதவை

எல்லாவற்றையும் முற்றத்தில் செய்துவிட முடியாது. சிலிண்டரைக் குடைந்து சீராக்குவதற்கும், கிராங்க் தண்டைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவதற்கும் லேத் பட்டறைக்குச் செல்ல வேண்டும். டீசல் பம்பையும் இன்ஜெக்டர்களையும் அவற்றுக்கென உள்ள சோதனை மேசையில்தான் சரிசெய்ய முடியும். கரும்புகை குறைவதும் கூடுவதும் பெரும்பாலும் அந்த மேசையிலேயே முடிவாகிறது.

உதிரிப் பாகங்களுக்குக் காஷ்மீரி கேட் சந்தையும், பழைய இரும்புக்குப் பெயர்பெற்ற மாயாபுரியும் உள்ளன. இங்கே எச்சரிக்கை தேவை. உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில் இருந்த சோதிகஞ்ச் சந்தை, திருட்டு வாகனங்களைப் பிரித்து விற்கும் இடமெனப் பெயரெடுத்தது. 2021 டிசம்பரில் காவல்துறை நடவடிக்கையால் அதன் கடைகள் மூடப்பட்டன. ரசீது இல்லாத எஞ்சினை மலிவாக வாங்கிப் பொருத்தும் குடும்பம், தன்னை அறியாமலேயே ஒரு குற்ற வழக்கின் சாட்சிப் பொருளை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடக்கூடும்.

சட்டமும் குறுக்கிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. சட்டத்தில் பொறித்த எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றோடு ஒத்திருக்க வேண்டும். ஆகவே, பழையதைப் பழையபடியே செப்பனிடுவதும், பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துப் புதியதொன்றை உருவாக்குவதும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு செயல்கள். ஹரியாணா-பஞ்சாப் எல்லையில் உள்ள மண்டி டப்வாலி, ராணுவம் ஏலத்தில் விட்ட ஜீப்புகளைப் புதுப்பித்துப் புகழ்பெற்ற ஊர். அங்கிருந்து வரும் ஜீப்புகளுக்கு ஆவணச் சிக்கல் எழுவதும் இந்த வேறுபாட்டினால்தான்.

வயதே அளவுகோல்

இத்தனையையும் நேர்மையாகச் செய்து முடித்த குடும்பத்துக்கும் தில்லியில் வேறொரு தடை காத்திருக்கிறது. 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் தலைநகரில் ஓடக்கூடாது என 2014 நவம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2015 ஏப்ரலில் டீசல் வாகனங்களுக்கு 10 ஆண்டு வரம்பு விதிக்கப்பட்டது. 2018 அக்டோபர் 29-ல் உச்ச நீதிமன்றமும் இத்தடையை உறுதி செய்தது. தேசியத் தலைநகர் வட்டாரம் முழுவதற்கும் இது பொருந்தும்.

2025 ஜூலை 1 முதல் வயது கடந்த வாகனங்களுக்குத் தில்லி நிலையங்களில் எரிபொருள் வழங்கக்கூடாது எனக் காற்றுத் தர மேலாண்மை ஆணையம் உத்தரவிட்டது. எண் பலகையைப் படிக்கும் கேமராக்கள் பொருத்தப்பட்டன. பொதுமக்களின் எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களிலேயே அது ஒத்திவைக்கப்பட்டது. வயதைக் கொண்டன்றி, உமிழ்வைக் கொண்டு முடிவெடுக்க வேண்டும் என்று தில்லி அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. வயதை மட்டும் காரணமாக்கி உரிமையாளர்கள் மீது கட்டாய நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று 2025 ஆகஸ்ட் 12-ல் நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் அளித்தது. டிசம்பர் 17-ல் அந்த நிவாரணம் பி.எஸ்.-4 தரத்துக்கும் அதற்கு மேற்பட்ட தரங்களுக்கும் மட்டுமே எனத் திருத்தப்பட்டது.

தில்லியில் பி.எஸ்.-4 தரம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரலில். ஆகவே, தொண்ணூறுகளில் வாங்கிய பிக்-அப் எவ்வளவு சீராகச் செப்பனிடப்பட்டாலும் அந்தப் பாதுகாப்புக்குள் வராது.

2024-ல் தில்லி அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, வயது கடந்த வண்டி பொது இடத்தில் நின்றாலும் பறிமுதல் செய்யப்படலாம். சொந்த இடத்தில் நிறுத்திவைக்கவோ, தடையில்லாச் சான்று பெற்று வெளியே கொண்டுசெல்லவோ வழி உண்டு. தில்லியிலிருந்து டப்வாலி நோக்கிச் செல்லும் 9-வது எண் தேசிய நெடுஞ்சாலையில், ரோத்தக் மாவட்டம் தலைநகர் வட்டாரத்துக்குள் அடங்கும். அதே சாலையில் மேலும் மேற்கே உள்ள ஹிசார் அடங்காது. ஒரே வண்டி ஓரிடத்தில் ஆயுள் முடிந்தது. மற்றோரிடத்தில் பதிவைப் புதுப்பித்து ஓடக்கூடியது.

காட்சிப் பொருளுக்குத் தனிச் சலுகை

பழைய வாகனங்கள் அனைத்தையும் அரசு ஒதுக்கிவிடவில்லை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, 50 ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்குத் தொன்மை வாகனத் தகுதி அளிக்கப்பட்டது. புதிய பதிவுக்கு ரூ.20,000 கட்டணம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பதிவெண்ணில் ‘வி.ஏ.’ என்ற குறியீடு இடம்பெறும். ஆனால் கண்காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். வணிகப் பயன்பாட்டுக்கு இடமில்லை.

1964 முதல் தில்லியில் நடைபெற்றுவரும் தொன்மைக் கார் அணிவகுப்பைக் கண்டு மகிழ்ந்தவர்கள் இந்த விதியை வரவேற்பார்கள். முப்பது வயதுள்ள பிக்-அப்பை வைத்திருக்கும் குடும்பத்துக்கு இதனால் பயனில்லை. தொன்மைத் தகுதிக்கு அது இன்னும் இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் மூட்டை ஏற்ற முடியாது. அணிவகுப்புக் காருக்கு ஒரு சட்டம் உண்டு. பழைய இரும்புக்கு ஒரு திட்டம் உண்டு. உழைத்த வண்டியைத் தொடர்ந்து உழைக்கவைக்க விரும்புவோருக்கு இடையில் எந்த வழியும் வகுக்கப்படவில்லை.

பழைய வாகனங்களை அழிக்கும் கொள்கையைப் பிரதமர் 2021 ஆகஸ்ட் 13-ல் தொடங்கிவைத்தார். பதிவு பெற்ற மையத்தில் ஒப்படைத்தால், புதிய வண்டியின் காட்சியக விலையில் 4 முதல் 6 விழுக்காடு வரை கழிவு மதிப்பாகக் கிடைக்கும் என்று கணக்கிடப்பட்டது. புதிய சொந்த வாகனத்துக்குச் சாலை வரியில் 25 விழுக்காடு வரையும், வணிக வாகனத்துக்கு 15 விழுக்காடு வரையும் மாநிலங்கள் சலுகை தரலாம். புதிய வண்டி வாங்கும் வசதி உள்ளவருக்கே இச்சலுகை கைக்கெட்டும். சொந்தக் காருக்கு 25, பிழைப்புக்கு ஓடும் வண்டிக்கு 15 என்ற வரிசையும் சிந்திக்கத்தக்கது.

காற்றின் தரப்பு

மறுபக்க நியாயத்தையும் புறக்கணிக்க இயலாது. நவம்பர் வந்தால் தில்லியைப் புகைமூட்டம் சூழ்கிறது; பள்ளிகள் மூடப்படுகின்றன. பழைய டீசல் எஞ்சின், எவ்வளவு திறமையாகச் செப்பனிட்டாலும், அது பிறந்த காலத்துத் தரத்தைத்தான் எட்டும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 டீசல் வண்டிகளில் உள்ள நுண்துகள் வடிகட்டி அதில் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றுக்கான டீசல் சோதனை புகையின் அடர்த்தியை மட்டுமே பார்க்கிறது; கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அதில் அகப்படுவதில்லை. டப்பாக்களில் சீட்டு ஒட்டும் சிறுமியும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறாள்.

ஆயினும் வயது மட்டும் மாசின் அளவாகிவிடாது. பம்ப் கெட்டுப்போன எட்டு ஆண்டு வண்டி கரும்புகை கக்கியபடி ஓடலாம். சீராக்கிய பழைய வண்டி முற்றத்தை விட்டு நகரக்கூடாது. நாள்காட்டியைப் பார்த்து எளிதில் செயல்படுத்தலாம் என்பதே வயது வரம்பின் பலம். பராமரிப்பவருக்கும் பராமரிக்காதவருக்கும் அது வேறுபாடு காட்டாது என்பது அதன் குறை.

வேண்டுவது தெளிவு

இடைவழி ஒன்றுக்கான அடித்தளம் ஏற்கெனவே இடப்பட்டுள்ளது. தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகள் 2021 செப்டம்பரிலேயே அறிவிக்கப்பட்டன. அங்கே பிரேக்கையும் உமிழ்வையும் மனிதத் தலையீடு குறைந்த முறையில் அளக்க முடியும். டீசல் எஞ்சினை அகற்றிவிட்டு, அங்கீகரிக்கப்பட்ட மின்சாரத் தொகுப்பைப் பொருத்தவும் விதிகள் இடம் தருகின்றன. சிறு சரக்கு வண்டிகளுக்கு அத்தொகுப்பு கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தால், சட்டத்தையும் கேபினையும் காப்பாற்றிய குடும்பத்தின் உழைப்பு வீணாகாது.

அரசமைப்புச் சட்டத்தில் இயந்திர வாகனங்கள் பொதுப் பட்டியலில் உள்ளன. வாகன வரி மாநிலப் பட்டியலில் உள்ளது. எனவே பொறுப்பு மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் சேர்ந்தே உண்டு. பத்து ஆண்டுகளாகத் தீர்ப்பாயமும் நீதிமன்றமும் ஆணையமும் இடும் உத்தரவுகளால் நிர்வகிக்கப்படும் இப்பொருள், நாடாளுமன்றத்தில் முழுமையான விவாதத்துக்கு உரியது. எந்த வண்டி, எந்தச் சோதனையில் தேறினால், எந்த மாவட்டத்தில், எந்த வேலைக்கு ஓடலாம் என்பது ஒரே சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

முதல் போல்ட்டைக் கழற்றும் முன்பே அந்த விடை வீட்டாருக்குத் தெரிந்திருந்தால், சேமிப்பைச் செலவிடுவதா, அழிப்பு மையத்தில் ஒப்படைப்பதா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். இப்போதோ எல்லாம் முடிந்து எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகே சட்டத்தைத் தேடவேண்டியிருக்கிறது. அதுவரை வண்டி தொழுவத்தின் அருகிலேயே நிற்கிறது; வாரம் ஒருமுறை பாட்டரி இறங்கிவிடாமல் இருக்க, யாரேனும் ஒருவர் சாவியைத் திருகி அதை ஓடவிட்டு அணைக்கிறார்.